மெகா பிளாக் அன்று வரும் அந்த மஞ்சள் வண்டி எது?

தாக்குர்லி ஜன்னல் (ஞாயிறு, மதியம் 2:20)

எங்கள் வீடு மும்பை பக்கம் தாக்குர்லியில் தண்டவாளத்தை ஒட்டி, மூன்றாவது மாடி. 11 வருடமாக இங்கே இருப்பதால் லோக்கல் சத்தம் காதில் ஏறுவதே இல்லை. தண்டவாள வேலைக்காக லோக்கலை நிறுத்தும் மெகா பிளாக் ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சத்தம் நிற்கும்போதுதான் தூக்கம் கலைகிறது.

இன்றைக்கு மொட்டை மாடியில் வடாம் காயப்போடப் போனேன். கீழே ஸ்லோ லைனில் ஒரு மஞ்சள் வண்டி. எஞ்சினும் இல்லை, கிரேனும் இல்லை. வண்டி நிற்காமல் ஊர்ந்துகொண்டே போகிறது, ஆனால் அதன் வயிற்றில் ஒரு பகுதி மட்டும் நின்று, இரும்பு விரல்களைக் கல்லுக்குள் இறக்கி, நடுங்கி, வெளியே எடுத்து, ஒரு தாவு தாவி, மறுபடி இறக்குகிறது. விரல்கள் இறங்கும்போதெல்லாம் எங்கள் சமையலறையில் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடுகின்றன. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வடாமைக் காக்கா கொத்தியது தனிக்கதை.

அது என்ன வண்டி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8:12 ஃபாஸ்ட் (2:41)

என்ன வண்டியோ தெரியாது. நாளைக்குக் காலையில் அதே இடத்தில் என் லோக்கல் மாட்டு வண்டி மாதிரி போகும், அது மட்டும் தெரியும். நேற்றும் அப்படித்தான் போனது. ரிப்பேர் செய்தால் வண்டி வேகமாகப் போக வேண்டுமா, மெதுவாகப் போக வேண்டுமா? இதற்கு யாராவது பதில் சொன்னால் ஒரு கட்டிங் சாய் என் செலவு.

ஜல்லி மாமா (3:05)

முதலில் மஞ்சள் வண்டி. அதன் பெயர் டேம்பிங் மெஷின். வயிறு மட்டும் தனியாகத் தாவுகிறது என்று சொன்னீர்களே, அதை வைத்தே அது சி.எஸ்.எம். ரகம் என்று சொல்லிவிடலாம். பழைய ரகத்தில் முழு வண்டியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகும். அதில் டிரைவருக்கு முதுகு போய்விடும், டீசலும் வீண். இதில் விரல்கள் உள்ள பகுதி தனிச் சட்டத்தில் இருக்கிறது. பெரிய உடம்பு ஒரே சீராக நகர, சின்ன உடம்பு மட்டும் நின்று வேலை பார்த்துவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொள்ளும்.

அந்த விரல்களுக்கு டைன் என்று பெயர். ஸ்லீப்பர் என்பது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை. இரண்டு ஸ்லீப்பரை ஒரே நேரத்தில் அடைக்கிற மெஷினில் 32 இருக்கும், மூன்றை அடைக்கிறதில் 48. மெஷின் முதலில் தண்டவாளத்தைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கும். மட்டத்தையும் நேரையும் சரிசெய்யும். தூக்கியதால் ஸ்லீப்பருக்கு அடியில் வெற்றிடம் வருமே, அங்கே டைன்கள் இரு பக்கமும் இறங்கி, நொடிக்கு 35 முறை அதிர்ந்தபடி கல்லை உள்ளே நெருக்கும். ஊரில் வேலிக்குக் கம்பம் நடும்போது குழியில் கல்லைப் போட்டுச் சுற்றிலும் கடப்பாரையால் குத்துவோமே, அதே வேலைதான். கடப்பாரைக்கு எஞ்சின் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

8:12 தம்பி, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். சாய் ஆறட்டும்.

செம்பூர் செல்வி (3:30)

என் தாத்தா கசாரா பக்கம் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவர். நாங்குநேரியிலிருந்து வந்து இந்த வேலையில் சேர்ந்தார். அவர் கையில் 'பீட்டர்' என்று ஒன்று இருந்ததாகப் பாட்டி சொல்வார். நாங்கள் சின்ன வயதில் அது ஒரு ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாமா, இந்த வேலையைத்தானே அவர்கள் கையால் செய்தார்கள்?

ஜல்லி மாமா (3:52)

அதேதானம்மா. பீட்டர் பார்க்கக் குந்தாலி மாதிரி இருக்கும், ஒரு முனை கூராக இல்லாமல் தட்டையாக, டி எழுத்து மாதிரி. ஒரு ஸ்லீப்பருக்கு நான்கு பேர், எதிரும் புதிருமாக நின்று ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். ஒருவன் தாளம் தப்பினால் கல் ஒரு பக்கம் ஓடிவிடும். அதனால் கேங்கின் தலைவரான மேட் பாட்டுச் சொல்லுவார், மற்றவர்கள் பின்பாட்டு. நான் சேர்ந்த புதிதில் மராத்தியில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி, நம் ஆட்கள் இருந்தால் 'ஐலசா' என்று கலந்தடித்துப் போகும். அந்தப் பாட்டுகளின் வரிகளை எழுதினால் இந்தக் குழுவை விட்டு என்னை நீக்கிவிடுவார்கள்.

அப்போது மரக்கட்டை ஸ்லீப்பர், இல்லாவிட்டால் சி.எஸ்.டி.-9 என்கிற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர். இப்போதைய கான்கிரீட் ஸ்லீப்பர் கால் டன்னுக்கு மேல். அதை பீட்டரால் சரியாக அடைக்க முடியாது. அடி தவறி ஸ்லீப்பரில் பட்டால் மூலை பெயர்ந்துவிடும். கான்கிரீட் வந்த பிறகு மெஷின் வசதிக்காக இல்லை, வேறு வழி இல்லாததால் வந்தது.

8:12 ஃபாஸ்ட் (4:10)

சாய் ஆறிவிட்டது மாமா.

ஜல்லி மாமா (4:48)

சரி. அதற்கு முன் ஜன்னல்காரரிடம் ஒரு கேள்வி. இந்த வாரத்தில் ஏதாவது ஒரு ராத்திரி உங்கள் வீட்டுப் பக்கம் புழுதி பறந்ததா? தாடை நடுங்குகிற மாதிரி ஒரு அரவைச் சத்தம்?

தாக்குர்லி ஜன்னல் (4:55)

ஆமாம்! வெள்ளி நள்ளிரவு. ஜன்னலில் உலர்த்தியிருந்த துணியெல்லாம் சாம்பல் பூசியது போல. நான் யாரோ கட்டடம் இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஜல்லி மாமா (5:30)

8:12 தம்பி சனிக்கிழமையே வண்டி ஊர்ந்தது என்றாரே, அதனால்தான். வெறும் டேம்பிங்குக்கு அவ்வளவு மெதுவாகப் போகச் சொல்ல மாட்டார்கள். அங்கே பி.சி.எம். போயிருக்கிறது. ஜல்லி சலிக்கிற மெஷின். என்னைக் கேட்டால் இந்த ஜாதியிலேயே பெரிய அதிசயம் அதுதான்.

தண்டவாளத்துக்கு அடியில் கல் போடுவது அழகுக்கு இல்லை. சுமையைப் பரப்ப வேண்டும், தண்ணீரை வடிய விட வேண்டும், ஸ்லீப்பர் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வேண்டும். 65 மில்லிமீட்டர் அளவுக் கல், முனை முனையாக இருந்தால்தான் ஒன்றோடொன்று கவ்வும். நாளாக நாளாக முனை மழுங்கும், தூள் சேரும், சேறு ஏறும். மும்பையில் கூடுதலாக பிளாஸ்டிக் பை, குட்கா பாக்கெட், தேங்காய் ஓடு, சமயத்தில் முழுப் பிள்ளையார் சிலை. அந்த இடைவெளி அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வடியாது. வண்டி போகும்போது ஸ்லீப்பருக்கு அடியிலிருந்து சேறு பீச்சும். அதனால் பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது மொத்தக் கல்லையும் அள்ளிச் சலிக்க வேண்டும் என்பது விதி.

தண்டவாளத்தைக் கழற்றாமல் அடியில் உள்ள கல்லை எப்படி அள்ளுவது? பி.சி.எம்.மில் ஒரு பெரிய சங்கிலி இருக்கிறது, கண்ணிக்குக் கண்ணி இரும்பு நகம். வேலை தொடங்கும்போது ஸ்லீப்பருக்கு அடியில் பள்ளம் தோண்டி, சங்கிலியின் ஒரு துண்டைக் கீழே நுழைத்து, இரு பக்கமும் மேலே இழுத்து மாலை மாதிரி கோத்துவிடுவார்கள். தண்டவாளம் அந்த மாலைக்குள் இருக்கும். சங்கிலி சுற்றச் சுற்ற, அடியில் உள்ள கல் முழுக்க மேலே ஏறி ஒரு பெரிய சல்லடைக்குப் போகும். நல்ல கல் திரும்பி விழும், தூளும் குப்பையும் பெல்ட் வழியாகப் பக்கத்தில் கொட்டும். அந்தப் புழுதிதான் உங்கள் வீட்டுத் துணியில்.

இப்போது சாய்க் கேள்வி. பல வருடம் இறுகிக் கிடந்த கல்லைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கொட்டியிருக்கிறார்கள். ஸ்லீப்பர் மணலில் வைத்த பலகை மாதிரி நிற்கிறது. மட்டம் இறங்கும், பக்கவாட்டுப் பிடிப்பும் பாதி போயிருக்கும். இங்கே வெல்டு வைத்த நீளத் தண்டவாளம் வேறு. வெயிலில் அது நீளப் பார்க்கும், நீள இடமில்லை, அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவது ஓரத்துக் கல். அது தளர்வாக இருக்கும்போது 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை விட்டால் தண்டவாளம் பாம்பாக நெளிந்துவிடும். அதனால்தான் முதலில் 20. டேம்பிங் ஒரு சுற்று ஆனதும் ஏற்றுவார்கள், இன்னொரு சுற்று, இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

கட்டு போட்ட காலோடு ஒருவன் மெதுவாக நடந்தால், டாக்டர் காலைக் கெடுத்துவிட்டார் என்று சொல்வீர்களா தம்பி?

8:12 ஃபாஸ்ட் (5:44)

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகைப் பதிவேட்டில் லேட் மார்க் போடும் எங்கள் மேலாளருக்கு இந்தக் கால் கதை புரியாது. போன மாதம் இதே மாதிரி ஒரு பிளாக்கில் மாட்டி ஒரு இன்டர்வியூவே போனது. வரவேற்பில் இருந்த பெண், "எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

எஞ்சின் பைத்தியம் (6:15)

ஒரு சந்தேகம். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் பிளாக் நாளில் ஜல்லி வேகன்களை இழுத்து வருவது புகை கக்கும் டீசல் எஞ்சின்தான். இந்த மஞ்சள் வண்டிகளும் டீசல். இது கொஞ்சம் வேடிக்கையாக இல்லை?

டவர் வேகன் தம்பி (6:50)

வேடிக்கை இல்லை அண்ணே, எங்கள் உயிர். பிளாக் என்றால் பல நேரம் மேலே கம்பியிலும் கரண்ட் இருக்காது. மின்சார எஞ்சின் அங்கே வெறும் இரும்பு. நான் வெஸ்டர்ன் ரயில்வே பக்கம் ஓ.எச்.இ., அதாவது மேலே ஓடும் மின்கம்பி வேலையில் இருக்கிறேன். எங்கள் வண்டிக்குப் பெயர் டவர் வேகன். ஒரு பெட்டி, உள்ளே டீசல் எஞ்சின், கூரையில் ஏறி இறங்கிப் பக்கவாட்டில் திரும்பும் மேடை. அதில் நின்றுதான் கம்பியைத் தொடுகிறோம்.

கம்பியில் 25,000 வோல்ட். முன்பு இங்கே 1,500 வோல்ட் டி.சி. இருந்தது. வெஸ்டர்ன் 2012இல் முழுவதும் மாறியது, ஹார்பர் லைன் கடைசியாக 2016 ஏப்ரலில். பழைய ஆட்கள் டி.சி.யைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், ஏ.சி. தொடும் முன்பே இழுக்கும் என்பார்கள். கரண்ட் நிறுத்திவிட்டோம் என்று கன்ட்ரோலில் சொல்லி எழுத்தில் அனுமதி வந்த பிறகும் நாங்கள் கம்பியைத் தொட மாட்டோம். முதலில் டிஸ்சார்ஜ் ராடு. ஒரு முனையைத் தண்டவாளத்தில் கட்டி, நீளக் கழியால் மறு முனையைக் கம்பியில் மாட்டுவோம். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும். ஏனென்றால் பக்கத்து லைனில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், அதன் தூண்டலே இந்தச் செத்த கம்பியில் ஆளை அடிக்கிற அளவு வோல்டேஜ் ஏற்றிவிடும். ராடு மாட்டும் அந்த நொடியில் சமயத்தில் 'சட்' என்று ஒரு சின்னப் பொறி வரும். அது வந்தால் எனக்கு வயிறு ஒரு முறை சுருங்கும், ஆறு வருடமாக.

எஞ்சின் பைத்தியம் (7:20)

அருமை தம்பி. இதே பிரச்சினைக்கு லண்டன் சுரங்க ரயிலில் வேறு விடை கண்டுபிடித்தார்கள். சுரங்கத்துக்குள் டீசல் புகை ஆகாது, இரவில் மின் தண்டவாளத்தில் கரண்ட்டும் இல்லை. அதனால் பேட்டரி எஞ்சின். கரண்ட் இருக்கும் வரை அதில் ஓடும், நிறுத்தியதும் தன் பேட்டரியில் ஓடும். குகைக்கு ஏற்ற மாதிரி தலை குனிந்த மஞ்சள் எஞ்சின், பார்க்க ஆமை போல இருக்கும்.

பராமரிப்பு வண்டிகளில் எனக்குப் பிடித்தது ஜப்பானின் டாக்டர் யெல்லோதான். புல்லட் ரயில் மாதிரியே இருக்கும், உடம்பு மட்டும் மஞ்சள். 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபடியே தண்டவாளத்தையும் கம்பியையும் சோதிக்கும். ஓடும் நேரத்தை வெளியிடாததால், கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம் என்று குழந்தைகள் நம்புகிறார்கள். இருந்த இரண்டில் ஒன்று 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது அதைப் பார்க்க அத்தனை கூட்டம்.

ஜல்லி மாமா (8:02)

அழகான வண்டிதான், மறுக்கவில்லை. எங்கள் டாக்டர் மஞ்சளும் இல்லை, 270ம் ஓடாது. இரண்டு தண்டவாளத்திலும் சக்கரம் வைத்த ஒரு சின்னத் தள்ளுவண்டி, அதில் ஒரு திரை, ஒரு தண்ணீர் கேன். தள்ளுகிறவர் நடந்து போவார். கேனிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தண்டவாளத்தின் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். அது ஏன் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. வண்டி அனுப்புவது அல்ட்ராசோனிக் ஒலி, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது போல. அங்கே வயிற்றில் ஜெல் தடவுவார்களே, இங்கே தண்ணீர். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. நேராக ஒரு கற்றை, சாய்வாகச் சில. இரும்புக்குள் வெடிப்பு இருந்தால் எதிரொலி மாறும், திரையில் கோடு எழும்பும்.

டிசம்பர், ஜனவரி அதிகாலையில் குளிரில் தண்டவாளம் சுருங்கும்போது, இப்படி உள்ளே ஒளிந்திருக்கும் வெடிப்புதான் பட்டென்று விடும். நீங்கள் பேப்பரில் 'ரயில் ஃப்ராக்சர், லோக்கல் தாமதம்' என்று படிப்பது அது.

செம்பூர் செல்வி (8:20)

மாமா, ட்ராலி பற்றிச் சொல்லவில்லையே? பெரிய அதிகாரி குடை பிடித்து உட்கார்ந்திருக்க, நாலு பேர் தள்ளிக்கொண்டு போவது. தாத்தா அதை 'ராஜா சவாரி' என்பாராம்.

ஜல்லி மாமா (8:58)

ராஜாவாக உட்கார்ந்தவன் நான்தான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

நான்கு பேர் சேர்ந்து தூக்கித் தண்டவாளத்தை விட்டு வெளியே வைக்க முடிந்தால் அது ட்ராலி, முடியாவிட்டால் லாரி. ரூல் புத்தகத்திலேயே இப்படித்தான் பிரித்திருக்கிறது. ட்ராலிமேன்கள் ஓடுவது ஸ்லீப்பர் மேல் இல்லை, தண்டவாளத்தின் தலை மேல். ஒரு கையகல இரும்பில், பெரும்பாலும் வெறும் காலோடு. மே மாத மதியத்தில் அந்த இரும்பு தோசைக்கல். என்னோடு இருந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டுகூட ஓடுவார், ஒரு அடி பிசகாது. கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் நடுவே 37 அடிக்கு ஒரு அடி ஏற்றம். ஏறும்போது அவர்கள் நெஞ்சு வெடிக்கும், இறங்கும்போது நான்கு பேரும் தாவி ஏறிக்கொள்வார்கள், பிரேக்கில் என் கை நடுங்கும். வண்டி வரும் சத்தம் கேட்டால் நொடியில் இறங்கி, தூக்கி, ஓரத்தில் வைக்க வேண்டும். மலை வளைவில் சத்தம் கேட்பதற்கும் எஞ்சின் தெரிவதற்கும் இடையே அதிக நேரம் இருக்காது.

மெஷின் எவ்வளவு வந்தாலும், ட்ராலியில் உட்கார்ந்து மெதுவாகப் போனால்தான் எந்த ஜாயிண்ட் ஆடுகிறது என்று முதுகெலும்பு சொல்லும். இதை என் ஜூனியர்கள் நம்ப மாட்டார்கள்.

டவர் வேகன் தம்பி (9:15)

நம்புகிறோம் சார். ஆனால் நாலு பேரை ஓடவிட்டு உங்கள் முதுகெலும்பு கேட்டது கொஞ்சம் அதிகம்.

ஜல்லி மாமா (9:18)

அதுவும் சரிதான்.

எஞ்சின் பைத்தியம் (9:40)

மழைக்கு முன்னால் இங்கே சேறும் குப்பையும் அள்ள ஓடும் மக் ஸ்பெஷலை யாரும் சொல்லவில்லையே. இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் தண்டவாளத்தில் நசுங்கிய இலைகள் வழுக்குவதால், அதைத் தண்ணீரைப் பீச்சிக் கழுவவே தனி ரயில் விடுகிறார்கள். நமக்கு இலை இல்லை, குப்பை. ஏப்ரல், மே மாதங்களில் தட்டை வேகனில் ஜே.சி.பி.யை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வரும். இன்னொன்று இன்னும் விசித்திரம், பழைய லோக்கல் ரேக்கையே குப்பை வண்டியாக்கியது. நாம் தொங்கிக்கொண்டு போன அதே வாசலில் சேற்று மூட்டைகள் உட்கார்ந்து போகின்றன. ஒரு ராத்திரி சயானில் கடைசி லோக்கல் என்று நினைத்து அதில் ஏறப் பார்த்தேன். மூட்டை மேல் படுத்திருந்த தொழிலாளி எழுந்து, "ஜாகா நஹீ ஹை பையா" என்றார்.

8:12 ஃபாஸ்ட் (9:52)

மும்பையில் குப்பை வண்டியிலும் இடம் இல்லை.

மாமா, இன்னொன்று. இந்த வேலையையெல்லாம் ராத்திரியில் செய்தால் என்ன? ஞாயிறு 11 மணிக்கு ஆரம்பித்து 4 மணி வரை ஏன் எங்கள் கல்யாண வீடு, காது குத்து எல்லாவற்றிலும் மண் போட வேண்டும்?

ஜல்லி மாமா (10:25)

ராத்திரியும் நடக்கிறது. ஆனால் மத்திய ரயில்வேயில் மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 1,800 லோக்கல் சர்வீஸ். கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் நடுவே கிடைப்பது மூன்றரை மணி நேரம்கூடத் தேறாது. மெஷின் யார்டிலிருந்து வந்து சேர, கரண்ட் நிறுத்த, ராடு மாட்ட, மெஷினின் கைகளை இறக்க, பிறகு எல்லாவற்றையும் மடக்க. பி.சி.எம். சங்கிலியைக் கோக்கவே எவ்வளவு நேரம் போகும் என்று பாருங்கள். கடைசியில் உருப்படியாகக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஞாயிறு ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது எங்களுக்குத் தீபாவளி. வெஸ்டர்னில் அதற்கு ஜம்போ பிளாக் என்று பெயர்.

அதைவிடப் பெரிய வேலைக்கு அதுவும் போதாது. 2024 மே கடைசியில் தாணேயில் 63 மணி நேரம் நிறுத்தினார்களே, 5, 6ஆம் பிளாட்பாரத்தை அகலமாக்க. அதற்குத் தண்டவாளத்தையே நகர்த்த வேண்டியிருந்தது. அந்த மூன்று நாள் எல்லோரும் திட்டினார்கள். இன்றைக்கு அந்த பிளாட்பாரத்தில் நிற்கும்போது முழங்கை இடிக்காமல் நிற்கிறார்கள்.

தாக்குர்லி ஜன்னல் (10:40)

மாமா, சொல்ல மறந்துவிட்டேன். சாயங்காலம் 3:30 வாக்கில் அந்த மஞ்சள் வண்டிக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அதற்கு விரலும் இல்லை, சங்கிலியும் இல்லை. சும்மா மெதுவாக ஊர்ந்து போனது, ஆனால் அதற்குக் கீழே தண்டவாளமே இடமும் வலமுமாக ஆடுகிற மாதிரி தெரிந்தது. வீட்டில் டம்ளர் மட்டும் இல்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரும் ஆடியது. என் கண்ணில்தான் கோளாறா?

ஜல்லி மாமா (10:58)

கண் நன்றாகத்தான் இருக்கிறது. அது டி.ஜி.எஸ். தண்டவாளத்தை இறுகப் பிடித்து, கீழே அழுத்தியபடியே பக்கவாட்டில் அதிர வைக்கும். படியில் அரிசி அளக்கும்போது குலுக்கிக் குலுக்கி அடக்குவோமே, அப்படி. கல் தானாகக் கிடந்து இறுக வேண்டுமானால் ஒரு லட்சம் டன் சுமை அதன் மேல் ஓட வேண்டும், அந்த வேலையை இது ஒரு நடையில் முடித்துவிடும் என்பார்கள். அது வந்துவிட்டது என்றால் 8:12 தம்பிக்கு நல்ல செய்தி. நாளைக்குக் காலையில் தாக்குர்லி தாண்டும்போது ஓரத்தில் மஞ்சள் முக்கோணப் பலகையைப் பாருங்கள். 20 என்று இருந்ததில் வேறு எண் இருக்கலாம்.

8:12 ஃபாஸ்ட் (திங்கள், காலை 8:51)

வாசலில் தொங்கிக்கொண்டே பார்த்தேன். 40.

மாமா, சாய் எங்கே குடிக்கலாம்?